ஃபேனை அணைக்கிற ஆள்

எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். அத்தைக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒன்று. அத்தை என் மனைவியின் அம்மா. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அவர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. குளித்தேன். ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் விரித்தேன். ஹாலுக்கு வந்து ஃபேனை அணைத்துவிட்டு, அவளுடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கரண்ட் போயிடுச்சா மாப்பிள்ளை?" என்று அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார். தினமும் கேட்கிறார்.

"இல்ல அத்தை. நான்தான் அணைச்சேன்."

 முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

அவள் வேலை பார்த்தது எங்கோ தூரத்து நாட்டிலிருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு. வாடிக்கையாளர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் வேலை. அவர்களுக்கு இந்த நாட்டில் ஆபீஸ் கிடையாது. இங்கே ஆபீஸ் இல்லாமல் இங்குள்ள ஒருவரை வேலைக்கு வைக்க முடியாதாம். அதற்கென்றே இங்கே ஒரு கம்பெனி இருக்கிறது. அது அவளைத் தன் ஊழியராகச் சேர்த்துக்கொண்டது. நியமனம், சம்பளம், வரி, விடுப்பு எல்லாம் அதன் பெயரில். வேலை மட்டும் அங்கே. சட்டப்படி முதலாளி இவர்கள். முதலாளி மாதிரி முதலாளி அவர்கள். முதல் நாள் எனக்கு இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"காகிதத்துல ஒரு புருஷன், வீட்டுல ஒரு புருஷன் மாதிரி. அவ்ளோதான்" என்றாள்.

"அப்ப நான் யாரு?"

"நீ ஃபேன அணைக்கிற ஆளு."

அவர்களுடைய குழுவில் ஆளுக்கொரு நாடு, ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார். கூடிப் பேச நேரம் ஒத்துவராது. அதனால் ஒவ்வொருவரும் வேலையைத் தொடங்கும்போது, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று லேப்டாப்பில் பேசிப் பதிவுசெய்து போட்டுவிட வேண்டும். எங்கள் ஃபேன் பழையது, கடகடவென்று பேசும். அவள் விரலைத் தூக்கினால் நான் அணைப்பேன். பேசி முடித்ததும், பதிவை நிறுத்துவதற்கு முன்பே, வியர்வை தாங்காமல் என்னைப் பார்த்து "போதும், போடு" என்பாள். அதுவும் பதிவாகிவிடும். அவர்கள் அதை எங்கள் மொழியில் விடைபெறும் சொல் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது.

அன்று காலை நான் இல்லை. என் ஆய்வுக்கூடத்தில் ஏதோ கருவி பழுதென்று விடியும் முன்பே கூப்பிட்டார்கள். கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கிறாள், குளித்திருக்கிறாள், தன் பதிவைப் போட்டிருக்கிறாள். மதியம் எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். அதை எல்லோரிடமும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

அவள் குரல் என்னிடம் இல்லாமலில்லை. போனில் கிடக்கிறது. ஆனால் அன்றைய காலை என்னிடம் இல்லை. அன்று அவள் பேசியது அந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. அதை ஒருமுறை கேட்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

சட்டப்படி முதலாளியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். சின்ன வயதுக் குரல். "சார், நான் மேடத்த நேர்ல பார்த்ததே இல்ல. ஆனா அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல சார்" என்றாள். பொய்யில்லை என்றே பட்டது. பதிவைப் பற்றிக் கேட்டேன்.

"அது அவங்க சிஸ்டத்துல இருக்கு சார். அவங்க சொத்து. நாங்க தொட முடியாது."

அங்கே கேட்டேன். அவள் பாஸ் என்று சொல்லும் மனிதர் தானே கூப்பிட்டார். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். நடுவில் அவர் குரல் உடைந்தது. ஆனால் அவள் சட்டப்படி தங்கள் ஊழியர் இல்லை, ஊழியர் சம்பந்தமான எதையும் குடும்பத்துக்கு நேரடியாகத் தர வக்கீல்கள் விடமாட்டார்கள், அந்தக் கம்பெனி மூலம் கேளுங்கள் என்றார். அங்கேதான் முதலில் கேட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்டார். வைக்கும் முன், மிகுந்த மரியாதையோடு, "போதும் போடு" என்றார். நானும் திருத்தவில்லை.

அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். லேப்டாப்பைத் திறந்து போட்டேன். இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது என்று வந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஊழியர் இல்லைன்னு நாங்க பதிஞ்ச உடனே தானா மூடிடும் சார். யாரும் வேணும்னு பண்ணல."

யாருமே வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. ஒருவர் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றும் அப்படி ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அழைப்புமணி அடித்தது. கம்பெனியின் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துப்போகக் கூரியர்காரர். நாற்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவர் முதலில் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்ஜர் இருக்கா சார்? மவுசு?"

எடுத்துக் கொடுத்தேன். அத்தை குறுக்கே வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். முந்தானையால் துடைத்தார். மூடியை, ஓரங்களை, திறந்து எழுத்துக்களின் இடுக்குகளை.

"விடுங்க அத்தை. அங்க போய்த் துடைச்சுக்குவாங்க."

"அழுக்கா குடுத்தா அவள என்ன நினைப்பாங்க?"

கூரியர்காரர் அவசரப்படுத்தவில்லை. குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டேப் ஒட்டி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "அம்மா லேப்டாப்பா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரியோடது."

"ரிப்பேரா?"

"ஆமா" என்றேன்.

அவர் போன பிறகு மேசையில் தூசு படியாத ஒரு நீள்சதுரம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மீசை.

மீசை அவளோடு வேலை பார்த்தவர், வேறு ஊரில் இருப்பவர். குழுவில் அவர் போட்டிருந்த படத்தில் மீசைதான் பெரிதாகத் தெரியும், அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர். அவளுடைய போனிலிருந்து எண்ணை எடுத்து, அந்தப் பதிவைக் கேட்டு முன்பே பேசியிருந்தேன். அன்று மறுத்துவிட்டார். "என்னையும் அதே ஆளுங்கதான் வச்சிருக்காங்க சார். யாருக்குப் பயப்படணும்னே எனக்குத் தெரியல. அதனால எல்லாருக்கும் பயப்படுறேன்" என்றார்.

இப்போது குரல் தாழ்ந்திருந்தது. "சார், இன்னிக்கு சாயங்காலம் மேடத்தோட பதிவு எல்லாத்தையும் அழிச்சிடப்போறாங்க. என்னால அனுப்ப முடியாது. அவங்க கடைசியா பேசினத போன் பக்கத்துல வச்சு ஒருதடவை போடுறேன். நீங்க பதிவு பண்ணிடாதீங்க."

"பண்ண மாட்டேன்."

"என் வீட்டுக்காரி திட்டுறா சார். இதுக்கெல்லாமா பயப்படுவ, மீசை எதுக்குங்கறா."

"அத்தை, இங்க வாங்க" என்றேன். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில், அந்த நீள்சதுரத்தின் நடுவில் வைத்தேன். அத்தை நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் வியர்த்து வழிந்தது.

முதலில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவள். ஆங்கிலத்தில், வேலைக்கென்று வைத்திருக்கும் கொஞ்சம் நிமிர்ந்த குரலில். பாக்கி நிற்கும் பதில்கள், யாரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வி, அதைத் தானே பார்த்துக்கொள்வதாக. நடுவில் ஒரு இருமல். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. தானே எழுந்து போய் ஃபேனை அணைத்திருக்கிறாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நன்றி என்று முடித்தாள். ஒரு மூச்சு. நாற்காலி திரும்பும் சத்தம், நான் உட்கார்ந்திருக்கும் பக்கமாக.

"போதும், போடு... அட, ஆளில்ல."