இருபதுக்குப் பிறகு ஐந்து

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் போய் ஒரு மாதம் கழித்து, பிரிக்காமல் மிஞ்சியிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு ஏழு வருடம் வைத்தியம் பார்த்த ரத்த டாக்டர் (வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்) என் கணவரின் மருத்துவக் கோப்பை மூடி வைக்கப் போனவர், அடியில் கிடந்த பழைய மஜ்ஜைப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நின்றார்.

"இத கவனிச்சிருக்கீங்களாம்மா? ஆராய்ந்த செல்கள் இருபத்தஞ்சு."

"அதுக்கென்ன டாக்டர்?"

"இருபது பாத்தா போதும்கிறதுதான் வழக்கம். இங்க முதல் இருபதும் நார்மல். அப்புறம் ஒரு அஞ்சு. அந்த அஞ்சுலதான் கோளாறு இருக்கு."

"இருபதோட நிறுத்தியிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற பரிசோதனைல அப்புறமா தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். தெரியலேன்னா அந்த மாத்திரைய நான் எழுதியிருக்க மாட்டேன்."

"யாரு எண்ணினது?"

"அடியில டாக்டர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். எண்ணுறவங்க பேரு வராதும்மா."

பெயர் வராத அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளர் இல்லை. நூலகத்தில் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிறவள். பிறர் எழுதியதை முப்பது வருடம் தூசி தட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

2

(கதைக்கு முன் நோயைச் சொல்லியாக வேண்டும். பாடப் புத்தகம் போலச் சொல்ல மூன்று முறை முயன்று, மூன்றையும் கிழித்துவிட்டேன். என் கணவர் சொன்னபடியே சொல்கிறேன். அவர் பேருந்து ஓட்டுநர்.)

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் உண்டு என்று ரத்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும் உடைந்து, வால்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டிய இடத்தில் ஒரு தவறான கட்டளை பிறந்தது: பெருகு, நிற்காமல் பெருகு. ரத்தப் புற்றுநோய்.

"அப்ப, ஒம்பதாம் நம்பர் வண்டியோட பின்பக்கம் இருபத்திரெண்டுல மாட்டிக்கிச்சு. அதோடது இதுல. மாட்டின இடத்துல ஆக்சிலேட்டர் அமுங்கிப் போச்சு. சரியா?" என்றார் இவர்.

"நான் பத்து வருஷம் படிச்சத ரெண்டு வரில முடிச்சிட்டீங்க."

"என் பொண்ணுக்கும் வருமா?" இதைக் கேட்டபோது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"வராது. பிறவியில வந்ததில்ல. நடுவுல நேர்ந்த விபத்து."

"விபத்தா! இருபத்திரெண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினேன் டாக்டர். கடைசில உள்ளுக்குள்ள மோதிக்கிச்சு பாருங்க."

அந்த மோதலுக்கென்றே ஒரு மாத்திரை இருந்தது. எந்த மோதல் என்று தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும். அதனால்தான் அந்த ஐந்து செல்கள் அவ்வளவு முக்கியம்.

3

இனிக் கதை.

அவள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தபோது வெளியே மழை பெய்து

(வேண்டாம். அந்த அறை எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தை மழையால் மூடப் பார்க்கிறேன்.)

அவளுடைய தம்பியும் இதே நோயில் இறந்திருந்தான். அதனால் ஒவ்வொரு செல்லிலும் அவனுடைய

(இதுவும் வேண்டாம். ஒருத்தி தன் வேலையைச் சரியாகச் செய்ய அவள் வீட்டில் ஒரு சாவு விழ வேண்டுமா? தம்பி நன்றாக இருக்கட்டும். அவனுக்குத் தலைக்கு மேல் கடன் வேண்டுமானால் இருக்கட்டும்.)

அவள் என்று எழுதுகிறேன். ஆணாகவும் இருந்திருக்கலாம்.* மூன்று இரவு யோசித்துப் பார்த்தேன், மனதில் பெண்தான் வந்து உட்கார்ந்தாள்.

* ஆணாக இருந்தால், ஐயா, மன்னியுங்கள். நன்றி உங்களுக்கும் உரியது.

4

சக ஊழியன் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டூடியோக்காரி. கண்ணாடித் தகட்டில் உடைந்து பரவிய செல்களில் குரோமோசோம்கள் நீளமாய், வரிகள் தெளிவாய், ஒன்றின் மேல் ஒன்று விழாமல் கிடப்பவையாகப் பார்த்துப் பார்த்துப் படம் பிடிப்பாள். அவள் எடுத்த மூன்று படங்களைச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பார்க்காதவள் போல அவற்றைப் பார்ப்பாள்.

அன்று அவள் மேசையில் இருந்தது ஓர் ஓட்டுநரின் மஜ்ஜை. சாயங்காலம் அறிக்கை போயாக வேண்டும்.

"இருபது ஆச்சா?" ஆய்வகத்தின் பொறுப்பு டாக்டரம்மா கதவருகே நின்று கேட்டார்.

"ஆச்சு மேடம். எல்லாம் நார்மல்."

"அப்ப அனுப்பிரு."

அவள் பொத்தானை அழுத்தியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். விரலை வைத்தாள். எடுத்தாள்.

(ஏன் எடுத்தாள்? இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் ரத்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "நோய் பிடிச்ச செல்லோட குரோமோசோம் பல நேரம் குட்டையா, மங்கலா, ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்மா. அழகானதா தேடித் தேடி எண்ணினா ஆரோக்கியமானதுதான் மாட்டும். இந்த வேலைல கைதேர்ந்தவங்க மட்டுமே பண்ணக்கூடிய தப்பு அது" என்றார்.)

இருபது நல்ல படம் கிடைக்க அன்று ஐம்பது, அறுபது செல்களைத் தாண்ட வேண்டியிருந்தது என்பது அவளுக்கு உறுத்தியது. தாண்டியதெல்லாம் யாருடையவை? அவையும் அந்த ஓட்டுநருடையவைதானே?

"மேடம், ஒரு அரை மணி நேரம் குடுங்க."

"எதுக்கு?"

"நல்லா வராததையும் பாத்துடறேன்."

சக ஊழியன் நாற்காலியோடு உருண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தான். "ஐயே, என்னக்கா இது கண்றாவி? நீங்க எடுத்ததுன்னு வெளிய சொல்லிடாதீங்க, சட்டம் போட்டதெல்லாம் கழட்டிடுவாங்க."

"கழட்டட்டும். நீ மொதல்ல விளக்க மறைக்காம நகரு."

முதல் மங்கல் செல்லில் ஒன்றுமே பிடிபடவில்லை. எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டாள். அடுத்ததில் நொண்டி நொண்டி ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டாவது ஜோடியில் ஒன்று மட்டும் வாலறுந்த பல்லிபோல் கட்டையாக இருந்தது. ஒன்பதாவதைத் தேடினாள். அதில் ஒன்று, இருக்க வேண்டியதைவிட ஒரு கீற்று நீளம்.

அவள் கத்தவில்லை. (கத்த வைத்து எழுதிப் பார்த்தேன், நாடகமாகிவிட்டது.) அடுத்த அவலட்சணத்தைத் தேடினாள். அதிலும் அப்படியே. ஐந்து முடிந்த பிறகுதான் எழுந்தாள்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. படம் நல்லா இருக்காது."

5

இந்தப் பகுதியை எழுதுவதாக இல்லை. நான்காவதை முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நானும் ஸ்டூடியோக்காரியாகத்தான் இருந்திருக்கிறேன். அவருடைய நகைச்சுவை, டாக்டரின் பெருந்தன்மை என்று வரி தெளிவாக விழுந்ததாகவே பொறுக்கி உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். தாண்டியதில் ஒன்று இது:

நோய் தெரிவதற்கு முன் இரண்டு மாதம் அவர் வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். ஒருநாள் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், "சாகப்போறவர் மாதிரி முனகாதீங்க. எழுந்து அதப் பாருங்க."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குழாயைச் சரிசெய்தார்.

மஜ்ஜைப் பரிசோதனைக்கு அவரை உள்ளே கூட்டிப் போனபோது எனக்குள் ஓடியது அந்த வாக்கியம் ஒன்றுதான். வைத்தியம் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, அழுதுகொண்டே அதை அவரிடம் சொன்னேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, "அடியே, அத்தனை டாக்டருக்கும் முன்னாடி கண்டுபுடிச்சவ நீதான்டி. உனக்குத்தான் ஃபீஸ் குடுத்திருக்கணும்" என்றார்.

அந்த ஏழு வருடம் இல்லாவிட்டால், நாங்கள் கடைசியாகப் பேசிய பேச்சு ஒழுகும் குழாயைப் பற்றியதாக இருந்திருக்கும். நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது உண்மைதான். அதற்குள் அவர் டீ போடக் கற்றுக்கொண்டார் (கடைசிவரை தண்ணியாகத்தான் போட்டார்). மகள் வேலைக்குப் போன முதல் நாள், பயணியாகப் பேருந்தில் ஏறி அவளைக் கொண்டுபோய் விட்டார், வழியெல்லாம் ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே. மின்விசிறியை இரண்டில் வைப்பதா நான்கில் வைப்பதா என்று நாங்கள் போட்ட சண்டைகளுக்கு அளவில்லை. அத்தனை சண்டையும் எனக்கு இனாமாக வந்தவை.

6

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (கோடு போட்டு அடித்துவிட்டேன்.) அவள் வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள். (இது நடக்கக்கூடியது, அதனால் பயந்து அடித்தேன்.) "எத்தனையோ பேரு வர்றாங்க, ஞாபகமில்லயேம்மா" என்கிறாள். (அடிக்கவில்லை. சரி என்றும் போடவில்லை.)

நேற்று இந்தத் தாள்களை உறையில் போட்டு, மேலே 'இருபதுக்குப் பிறகு ஐந்து எண்ணியவருக்கு' என்று எழுதி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். நடைபாதையில் சட்டம் போட்ட படம் எதுவும் இல்லை. ஒரு தீயணைப்புக் கருவியும் எடை பார்க்கும் இயந்திரமும்தான் இருந்தன. மாதிரிகள் வாங்கும் சிறு சன்னல் மூடியிருந்தது. தட்டினேன். கண்ணாடி பாதி விலகியது. கையுறை போட்ட கை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"என்ன வேணும்?"

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதையும், உள்ளிருந்து என்ன வந்தது என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு வேண்டுகோள் மட்டும்: முதலில் தோன்றும் அழகான முடிவோடு நிறுத்திவிடாதீர்கள். மங்கலாக, ஒட்டிக்கொண்டு, படத்துக்கு லாயக்கில்லாமல் ஒன்று கிடக்கும். அதையும் பாருங்கள்.