பேரம் பேசாதவன் கழுத்து

துணிக்கடைக்காரன் மகனிடம் எதன் விலையைக் கேட்டாலும் முதலில் உண்மை வராது. யாசிர் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன். அவன் அப்பா தி. நகர் உஸ்மான் சாலைச் சந்தில் ஐம்பது ரூபாய்த் துண்டுக்கு நூற்றிருபது சொல்லி, எழுபதுக்குக் கொடுத்து, வாங்கினவரை ஜெயித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தவர். அவர் காலமான பிறகு கீழே கடை ஒரு செருப்புக்கடைக்காரனுக்கு வாடகைக்குப் போயிற்று. மகன் பிசியோதெரபி படித்துவிட்டு மாடியில் உட்கார்ந்தான். படிப்புதான் மாறியது, ரத்தம் மாறவில்லை.

மாடி ஏறி வந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். கல்லாவில் உட்கார்ந்து காலையிலிருந்து போனைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து மரத்துப்போனவர்கள். பீஸைக் கேட்டால் முணுமுணுத்தபடியாவது கொடுத்துவிடுவார்கள். பயிற்சியைச் சொன்னால்தான் பேரத்தை ஆரம்பிப்பார்கள். பத்து தடவை செய்யுங்கள் என்றால் மூன்றோடு நிறுத்திவிட்டு வந்து, வலி போகவில்லை என்று சண்டை பிடிப்பார்கள். யாசிரும் அப்பா வழிக்கு வந்துவிட்டான். பத்து வேண்டுமென்றால் நாற்பது சொல்வான்.

அன்றைக்கு உள்ளே இருந்தவர் சேலைக்கடை ஹபீபுர் ரஹ்மான்.

"மோவாயை உள்ளே இழுத்து அஞ்சு எண்ணுங்க பாய். அப்புறம் உள்ளங்கையை நெத்தியில வெச்சு, கை தலையைத் தள்ளணும், தலை கையைத் தள்ளணும். ஒரு வேளைக்கு நாப்பது."

"நாப்பதா? உங்க அத்தாகிட்ட இருபது வருசம் சரக்கு எடுத்தவன்டா நான். அஞ்சு."

"முப்பது பாய்."

"கடை நெறைய பொம்பளைங்க நிக்கிறப்ப நான் மோவாயை இழுத்துக்கிட்டு உக்காந்தா எவ சேலை எடுப்பா? எட்டு."

"பதினஞ்சு."

"பத்து. அதுக்கு மேல ஒண்ணுன்னாலும் எந்திரிச்சுப் போயிடுவேன்."

எழுந்தும் விட்டார். வாசல் வரைக்கும் போகவிட்டு யாசிர் கூப்பிட்டான். "சரி, உங்களுக்காகப் பத்து." பாய் சிரித்துக்கொண்டே வெளியே போய், பெஞ்சில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, சேலை அனுப்பும் சூரத்துக்காரனிடம் கத்த ஆரம்பித்தார்.

அதே பெஞ்சில் மந்தைவெளி பாலு உட்கார்ந்திருந்தான்.

ஒரு காலத்தில் கடை கடையாக நேரில் போய் மிரட்டி மாமூல் வாங்கியவன். இப்போது எல்லாம் போனில்தான். எவன் கடை திறந்தான், எவன் ஊரைவிட்டு ஓடினான் என்று ஆட்கள் அனுப்பும் வீடியோவைக் குனிந்து பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. இரண்டு வருடத்தில் மோவாய் மார்பில் வந்து ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் உயிர் போனது.

"ஸ்பீக்கரை அணை," என்றான்.

பாய் திரும்பிப் பார்த்தார். குனிந்த தலை ஒன்று தெரிந்தது. யாரோ பார்சல் கொண்டுவந்தவன் என்று எண்ணிக்கொண்டு, "கொஞ்சம் இருப்பா," என்றார்.

பாலு அந்தப் போனைப் பிடுங்கி, அதன் விளிம்பாலேயே அவர் வாயில் அடித்தான். இரண்டாவது அடியில் பல் ஒன்று ஜிப்பாவில் விழுந்தது. மூன்றாவது அடிக்குப் பாய் தரையில் கிடந்தார். சூரத்துக்காரன் மட்டும் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பாலு போனை ஜன்னல் வழியாகச் சந்துக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனான். பின்னாலேயே அவனுடைய ஆள் அம்பி. பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். தோள் அகலத்துக்கு அவன் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டியிருந்தது.

"பாத்தியா நைனா? எவன் வேணா இன்னா வேணா பேசறான்," என்று பாலு கட்டிலில் உட்கார்ந்தான். "போன வாரம் ஸ்டேஷனாண்ட ஒருத்தன், 'இன்னாண்ணா, கீழ எதுனா தொலைச்சிட்டியா, தேடிக்கினு கீற'ன்னான். இளநிக்காரன் கத்திய வாங்கித் திருப்பிப் புடிச்சு முட்டியிலயே போட்டேன். இப்போ நொண்டிக்கினு போறான். ஆனா அவன் கேட்டது கேட்டதுதானே? தலை நிமிரலைன்னா எனக்குத் தொழிலே இல்ல."

தலை நேராக இருந்தால் கழுத்து சுமப்பது ஐந்து கிலோ, குனியக் குனிய அதுவே அரிசி மூட்டையாகிவிடும், போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் யாசிர் மனப்பாடமாகச் சொன்னான். பயிற்சியைச் செய்து காட்டினான். பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"ஒரு வேளைக்கு நாப்பது. மூணு வேளை."

சொல்லிவிட்டு எதிர்விலைக்காகக் காத்திருந்தான்.

"சரி," என்று எழுந்து போய்விட்டான் பாலு.

பெஞ்சடியில் பாயின் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜஹீதா நிமிர்ந்தாள். வரவேற்பு மேஜை அவள் பொறுப்பு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து கணவனின் தொழிலில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. "என்னங்க, அவன் கேக்கவே இல்லையே. கூப்பிட்டு பத்துன்னு சொல்லுங்க."

"கேக்காதவனுக்கு யாராவது கொறைப்பாங்களா? விடு. ரெண்டு நாள் செய்வான், அப்புறம் எல்லாரையும் போல விட்டுருவான்."

அடுத்த வாரம் கதவு திறக்கவில்லை, உடைந்தது.

முதலில் அம்பி வந்தான். சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் இரும்பு டம்பெல்லை எறிந்தான். மின்சார ஒத்தட மெஷினை உதைத்தான், அது உருண்டுபோய் ஒரு நோயாளியின் காலில் மோதியது. இருந்தவர்கள் மாடிப்படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். வீடியோ எடுக்க ஒருவர்கூட நிற்கவில்லை. தி. நகரில் ஒரு ரவுடிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பிறகு பாலு வந்தான். தலை இப்போது குனிந்திருக்கவில்லை. இடது தோளில் சாய்ந்து பூட்டிக்கொண்டிருந்தது. யாசிரைப் பார்க்க அவன் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.

"நாப்பதுன்ன. காலைல நாப்பது, மத்தியானம் நாப்பது, ராவுல நாப்பது. ஒண்ணு கொறைக்கல. ஒருத்தன மூஞ்சிலயே குத்திக்கினு இருந்தேன், நேரமாச்சுன்னு அவனை ஓரமா உக்கார வெச்சிட்டு, செஞ்சு முடிச்சுட்டு வந்து மிச்சத்தைக் குத்தினேன். கீற பலம் அத்தினியும் போட்டுத் தள்ளினேன். இப்போ சோறு கூட பக்கவாட்டுல துன்றேன் நைனா."

"நீங்க செய்யற விதம் தப்பா இருந்திருக்கும்ணா..."

அம்பியின் உள்ளங்கை யாசிரின் காதில் விழுந்தது. அறை முழுக்க ஒரே ரீங்காரம். தலைமயிரைப் பிடித்து அவன் முகத்தைக் கட்டில் விளிம்பில் ஒருமுறை மோதினான் அம்பி. இன்னொருமுறை மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளை விரிப்பில் கொட்டியது.

"அடிக்காதே!" ஜஹீதா ஓடிவந்தாள். "நாப்பது இல்லண்ணா! பத்துதான்! அதுவும் மெதுவா!"

பாலு உடம்போடு அவள் பக்கம் திரும்பினான். "அப்போ நாப்பதுன்னு ஏன் சொன்னான்?"

"நீங்க பேரம் பேசுவீங்கன்னு."

"பேரமா?" என்றான் பாலு. "நான் பேசினதே இல்லம்மா. கேட்டதைக் குடுப்பான், இல்ல ஒதை வாங்குவான். ஓகோ. உங்க ஏரியாவுல வேற மாதிரியா?" அவனுக்கு அது பிடித்திருந்தது போலிருந்தது. "சரி, நானும் சொல்றேன். இவன் ரெண்டு கட்டை விரலு."

அம்பி யாசிரின் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து, பூட்டு உடைந்து தொங்கிய கதவின் இடுக்கில் கட்டை விரல்கள் இருக்கும்படி நிலையில் வைத்து அழுத்தினான். தசை முடிச்சை விரலால் தேடி, கட்டை விரலால் அழுத்தி இளக்குவதுதான் யாசிரின் பிழைப்பு. அவை போனால் மாடியும் வாடகைக்குத்தான்.

ஜஹீதா முந்தானையை இழுத்துச் செருகினாள். "கட்டை விரல் போச்சுன்னா உங்க கழுத்தை யாருண்ணா பார்ப்பா?"

"இன்னொரு டாக்டரு பாப்பான். சரி, உனுக்காக ஒண்ணு."

"ஒண்ணும் கிடையாது."

"ஆள்காட்டி."

"அதுவும் தொழில் விரல்தான். முடியாது."

"ஒத்துவராத வெல சொல்ற. அம்பி, கதவைச் சாத்து."

ரங்கநாதன் தெருவில் ஜஹீதாவைக் கண்டால் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். சேலையைக் கீழே வைத்துவிட்டு நடக்க ஆரம்பிப்பாள். திரும்பியே பார்க்க மாட்டாள். அவளுடைய பேரமெல்லாம் அந்த நடையில்தான் இருந்தது. இங்கே எழுந்து போக வழியில்லை. கதவு நகர ஆரம்பித்தது. அவள் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். தானாக ஒரு விலை சொன்னாள்.

"இடது கை சுண்டு விரல்!"

"ஜஹீதா!" என்றான் யாசிர்.

"நீங்க சும்மா இருங்க."

பாலு யோசித்தான். "மோதிர விரலு."

"சுண்டு விரல். அதுக்கு மேல ஒரு நகம் கிடையாது."

"சரி போ."

அம்பி கதவை விட்டுவிட்டு, அந்தச் சின்ன விரலை மட்டும் தனியாகப் பிரித்துப் பின்னால் மடித்தான். ஒடிந்த சத்தம் சின்னதுதான். யாசிர் போட்ட சத்தத்தில் கீழ்க்கடையில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் காலோடு தெருவுக்கு ஓடினார்கள்.

பாலு கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான். ரத்தக்கறை விரிப்பைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

"ரெண்டு அறை வுட்டுட்டு, கழுத்தை சரி பண்ணிக்கினு போலாம்னுதான் வந்தேன்," என்றான். "வெரல நீங்களா குடுத்தீங்க. குடுக்கறதை வாணாம்னு சொல்றதா? சரி சரி, வேலையைப் பாரு."

ஜஹீதாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சந்தையில் யாரும் அவளை இப்படி ஏமாற்றியதில்லை. அவள் ஐஸ் பையை எடுத்துக் கணவனின் இடது கையைச் சுற்றிக் கட்டினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

யாசிர் வலது கையைப் பாலுவின் பிடரியில் வைத்தான். மண்டை எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, கல்லைப் போல முடிச்சு. பக்குவமாக, மூச்சுக்கு மூச்சு இளக்க வேண்டிய இடம் அது. கட்டை விரலை அதன் நடுவில் நிறுத்தி, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினான்.

பாலு அலறினான். கால்கள் கட்டிலை உதைத்தன.

"அசையாதீங்கண்ணா. அசைஞ்சா இப்படியே பூட்டிக்கும்."

அம்பி ஒரு அடி முன்னால் வந்தான். ஜஹீதா குறுக்கே நின்றாள். "கிட்ட வராதே. பாதியில நிறுத்தினா உங்க அண்ணன் ஆயுசுக்கும் தோளைப் பார்த்துக்கிட்டுதான் இருக்கணும். அப்புறம் அதுக்கு யாரோட விரலைக் கேப்பான்னு யோசிச்சுக்கோ."

அம்பி யோசித்துப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"போதும் நைனா... உட்ரு... போதும்டா..." பாலுவின் கண்ணீர் விரிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

யாசிர் விரலை எடுத்தான். பாலு மூச்சை இழுத்தான்.

"என்னங்க," என்றாள் ஜஹீதா. "வலது பக்கமும் ஒண்ணு இருக்கும், பாருங்க."

"இருக்கு," என்றான் யாசிர், கட்டை விரலை நகர்த்தியபடி.