நாலு எண்ணும் நேரம்

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. மறைப்பானேன்? எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே அவளுடைய கார் ஷெட். அதில் கார் நிற்காமல் பல வருடமாகிறது. இப்போது ஒரு கிதார், ஒரு டிரம்ஸ், கரகரக்கும் ஸ்பீக்கர், சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தனிமை அவளுடைய இசையில் ஒரு…'

(வேண்டாம். அவள் படித்தால் சிரிப்பாள்.)

2

அவள் ராக் பாடகி. பதினோரு வருடம் அண்ணனோடு சேர்ந்து அந்த ஷெட்டில் வாசித்தாள். அவன் டிரம்ஸ். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குச்சிகளைத் தட்டி நாலு வரை எண்ணுவான். அதன்பின்தான் பாட்டு பாயும். இப்போது அவளுடைய முதல் தனி ஆல்பம். டிரம்ஸும் அவளே.

ஒலிப்பதிவாளன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, பட்டனை அமுக்கினதும் ஆரம்பிங்களேன். ஒன்பது பாட்டுலயும் முன்னாடி வெறும் காத்துதான் பதிவாயிருக்கு."

"எவ்வளவு?"

"நாலு எண்ணுற நேரம். வெட்டிடவா?"

"கை வச்சே, தொலைச்சிடுவேன்."

தான் காத்திருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

3

கடைசி மேடையில் அண்ணன் கொஞ்சம் அவசரமாக எண்ணிவிட்டான். அவள் பாட்டை நிறுத்தி மைக்கிலேயே கேட்டாள்: "அண்ணா, நாலு வரைக்கும்கூட எண்ணத் தெரியாதா உனக்கு?" அரங்கமே சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து குச்சிகளைப் பரணில் போட்டவன்தான். இரண்டு வருடமாயிற்று.

அவனுக்கு ஒரு மனைவி உண்டு. கதைக்கு அவள் தேவையில்லை என்று முதல் பிரதியில் நீக்கிவிட்டேன்.

[பொய். அவள் நான். அன்று முன்வரிசையில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.]

4

முடிவு ஒன்று: அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறாள்.

(கேட்க மாட்டாள். நேற்று துணி காயப்போடும்போது நடந்தது இவ்வளவுதான்.)

"அண்ணி, அண்ணன் எப்படி இருக்கான்?"

"நீயே வந்து கேளேன். பத்தடி தூரம்."

"கேட்டா எண்ணுவானா?"

"தெரியல."

"வெள்ளிக்கிழமை ஆல்பத்தை அனுப்பணும்." கொடியில் என் போர்வையை இழுத்து நேராக்கினாள். "அந்த நாலு எண்ணுற இடத்தை அப்படியே விட்டு அனுப்பிடறேன். காத்தா இருந்தாலும் அது அவன் இடம்."

முடிவு இரண்டு: அண்ணன் பரணில் ஏறுகிறான்.

(இதை நான் எழுதினால் அது என் ஆசை மட்டும்தான்.)

5

என் கதைகளை முதலில் படிப்பவர் எப்போதும் ஒருவர்தான். பிழை திருத்தி, "பரவாயில்ல" என்று ஓரத்தில் எழுதித் தருவார். கதைக்குள் 'அவன்' என்று எழுதியதற்கு அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்று சிரித்ததற்கு நானும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை; இந்தத் தாள்கள்தான்.

அவற்றை அவர் மேசையில் வைத்துவிட்டேன். இன்று புதன்கிழமை. பரணுக்குக் கீழே ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஒட்டடை அடிக்கத்தான், என்னங்க.