பச்சை என்று சொன்னது

நாவிதர் பிளேடை மாற்றிக்கொண்டு மணையைத் தட்டிக் காட்டியும் முத்து உட்காரவில்லை. சட்டையைக் கழற்றியிருந்தான், அவ்வளவுதான். ஆஸ்டின் டவுன் சந்தில் ஷாமியானாவுக்குக் கீழே அப்பா எத்திராஜ் மாலையோடு பெஞ்சில் கிடந்தார். மகன் வாசலிலேயே மொட்டை போட்டுக்கொண்டுதான் கொள்ளிச் சட்டியைத் தூக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம்.

"லேட் ஆகுத்தே ரீ," என்று சவ வண்டிக்காரர் கன்னடத்தில் குரல் கொடுத்தார்.

"உக்காருடா. இன்னா யோசனை?" என்றார் சித்தப்பா சுப்ரமணியன்.

"எனக்குக் கொள்ளி நீ வைக்கக் கூடாதுன்னு சொன்னவரு சித்தப்பா. நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க?"

"அது அப்போ. சாவற நேரத்துல உன் பேரைத்தானே சொல்லியிருக்காரு. பச்சை, பச்சைன்னு. உங்கம்மா காதால கேட்டிருக்கா."

பச்சைமுத்து என்பது அவன் முழுப்பெயர். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பாஞ்சாலி ஆமாம் என்று தலையாட்டினாள். அழுது அழுது குரல் போய்விட்டது. தலையாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தங்கை ரூபினி கதவருகே நின்றாள். அவளும்தான் கேட்டாள். அம்மாவைவிட நன்றாகவே கேட்டாள், அப்பாவின் வாயருகே காதை வைத்திருந்தவள் அவள்தான்.

எத்திராஜ் பேம்பூ பஜாரில் ஒரு மர டிப்போவில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். நடுவில் கறுத்து இறுகியிருந்தால் வைரம். பட்டையை ஒட்டி வெளுத்துக் கிடப்பது வெளிறு, அது பூச்சிக்குத்தான் ஆகும். ஈரம் காயாதது பச்சை. பச்சைப் பலகையை நடுநடுவே ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை கொடுத்து அடுக்கி, காற்றாட விட்டு, காய்ந்த பிறகுதான் விற்க வேண்டும். மனுஷர்களையும் இந்தக் கணக்கில்தான் பேசுவார். ரூபினியின் புருஷன் நரேஷை வெளிறு என்று அவன் எதிரிலேயே சொல்வார். அந்தப் புண்ணியவானும் சிரித்துக்கொண்டே காபி குடிப்பான்.

முத்துவும் அதே டிப்போவில்தான் இருந்தான். காக்ஸ் டவுனில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் பச்சைத் தேக்கைக் காய்ந்த தேக்கு என்று, அதுவும் அப்பா பெயரைச் சொல்லி, கொடுத்துவிட்டான். கோடை வந்ததும் கதவெல்லாம் முறுக்கிக்கொண்டு தாழ்ப்பாளே விழவில்லை. கொள்ளிப் பேச்சு அன்றைக்கு வந்ததுதான். முத்து அத்திபெலேயில் போய் அலுமினிய ஜன்னல் கடை வைத்தான். அதன்பிறகு இன்று காலைதான் இந்தச் சந்துக்குள் நுழைகிறான்.

நேற்று அப்பா சொன்னது இவ்வளவுதான்: "பச்சை... உள்ள பச்சை... ரீப்பர் குடு... காத்து போவட்டும்." அம்மாவுக்கு முதல் வார்த்தையே போதுமாயிருந்தது. "ஐயோ, புள்ளையக் கூப்புடறாரே!" என்று எழுந்தவள், எஸ்.டி.டி. பூத்துக்குத் தானே ஓடினாள்.

அவர் கூப்பிட்டது யாரையும் இல்லை. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து பீ மூத்திரம் அள்ளிய மகளையும் இல்லை. ரூபினிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. சாகும்போதுகூட டிப்போவிலேயே நின்றுகொண்டிருந்தாரே மனுஷன்.

முத்து அவளிடம் வந்தான்.

"ரூபி, நீ சொல்லு. வீட்ல என்னைக்காவது அவரு என்னைப் பச்சைன்னு கூப்ட்டிருக்காரா? முத்துதானே?"

அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"மரத்தைத்தானே சொன்னாரு? மெய்யாலும் சொல்லு. அவருக்கு இஷ்டமில்லன்னா நான் சட்டியத் தொடமாட்டேன். நரேஷ் தூக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவான். இந்தத் தடவை போனால் அம்மா உயிரோடு இருக்கிறவரை வரமாட்டான். ஷாமியானாவுக்குக் கீழே அம்மாவின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மொதல்ல பச்சைன்னாரு," என்றாள் ரூபினி. "அம்மா எழுந்து ஓடிட்டாங்க. அப்புறம் முத்துன்னாரு. முத்து வந்துட்டானான்னு கேட்டாரு."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய் மணையில் உட்கார்ந்து குனிந்தான். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. மடியில் விழுந்த முடியை அவன் தட்டிவிடவில்லை.

பாதி மொட்டையில், நிமிராமலே கேட்டான்.

"உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

காலையிலிருந்து இத்தனை பேர் வந்து போனார்கள். ஒருத்தரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை.

"தண்ணி குடு ரூபின்னாரு," என்றாள். அதையும் அவர் சொல்லவில்லை.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றார் நாவிதர். அவள் சொம்பை எடுத்து அண்ணன் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.