தராசுத் தட்டில் இன்னொரு ஆள்

மார்ச் மாதத்தில் ஒரு நாள் சாஸ்கட்டூன் நகரத்தில் யாரும் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. பல் டாக்டர்கூட நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐஸ் ஹாக்கி அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அதுதான் கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதுவரை யார் எந்த ஊருக்குப் போகப்போகிறார் என்பது, போகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் உற்சாகமான விஷயம்.

அந்த நாளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவர் போல இருந்தார் ஓரெஸ்ட் ஹ்லாட்கி. உள்ளூர் அணிக்கு முதலில் பயிற்சியாளராகவும், பிறகு ஆட்களை வாங்கி விற்கும் மேலாளராகவும் இருந்தவர். இரண்டு வேலையிலிருந்தும் மரியாதையோடு துரத்தப்பட்டு, இப்போது தொலைக்காட்சியில் நிபுணர். துரத்தியவர்கள் உட்பட ஊரே அவரைக் ‘கோச்’ என்றுதான் கூப்பிடும்.

ஸ்டுடியோ மேசைமேல் ஒரு பித்தளைத் தராசு வைத்திருந்தார்கள். ஆட்டத்தில் அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு, அதாவது பக், ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டக்காரர் பெயரை அச்சடித்து, கொடுப்பது ஒரு தட்டில், வாங்குவது ஒரு தட்டில் என்று வைப்பார்கள். எல்லா பக்கும் ஒரே எடை என்பதால் அந்தத் தராசு தலையைத்தான் எண்ணியது. புள்ளிவிவரக்காரன் டெரன்ஸ் போன வருடமே இதை எடுத்துச் சொன்னான். ‘ஜனங்களுக்குத் தராசு பிடிச்சிருக்கு’ என்று பதில் வந்தது.

காலையில் மகள் லரிசா போன் செய்திருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். அவள் கணவன் லூக் பெல்ரோஸ் உள்ளூர் அணியில் ஆடுகிறான். அப்பா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் ஜாகை.

“அப்பா, லூக்கைப் பத்தி ஏதாவது காதுல விழுந்துச்சா?”

“அவன யாரும்மா கேக்கப் போறாங்க?”

“ஆறுதல் சொல்றியா, மட்டம் தட்டறியா?”

“ரெண்டும்தான். போய்ப் படு.”

“டாக்டர் என்னை ஃபிளைட்ல ஏறவே கூடாதுன்னுட்டாருப்பா. அதான் கேட்டேன்.”

“அவன் எங்கயும் போக மாட்டான். என்னை நம்பு.”

பதினொரு மணிக்கு அன்றைய பெரிய செய்தி வந்தது. ஆர்லாண்டோ அணி தன் கோல் மன்னன் சாலோவாராவையும் கூடவே கோல் காக்கும் ‘கோலி’ ஒருவரையும் சாஸ்கட்டூனுக்குத் தருகிறதாம். பதிலுக்கு இங்கிருந்து இரண்டு இளசுகள். அதோடு, அடுத்த வருடம் புதுப் பையன்களைப் பொறுக்கும்போது முதல் ஆளை எடுக்கிற உரிமை. அந்த முகம் தெரியாத பையனுக்கும் ஒரு பக் தயாராக இருந்தது. கேள்விக்குறி போட்டு, அழகாக அச்சடித்து. ஆனால் பேச்சு எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள்.

“எங்க முட்டுது கோச்?” என்றான் தொகுப்பாளன் கிரெய்க், தேசத்தின் எதிர்காலத்தைக் கேட்பவன் முகத்தோடு.

“இதுல என்ன ரகசியம். ஆர்லாண்டோக்காரன் ரெண்டு பேரக் குடுக்கறான். வாங்கறது ரெண்டு பொடிசுங்க. அதுங்க நேரா சின்ன லீக்குக்குத்தான் போகும். நாளைக்கு ஐஸ்ல எறங்க அவனுக்கு ஆள் வேணாமா?”

“அதுக்கு என்ன வழி?”

“இடதுபக்கம் ஆடற ஆளா ஒருத்தன சேத்துக் கட்டிவிடு. நாலாவது வரிசை ஆள், கடைசியா கொஞ்ச நேரம் எறக்கறவன். இந்தக் கோடையோட ஒப்பந்தம் முடியறவனா இருந்தா அவனுக்கும் பாரமில்ல. அடி வாங்குவான், ஏன்னு கேக்க மாட்டான். வாசல்ல பனி தள்ற மண்வெட்டி மாதிரி எல்லா டீம்லயும் ஒருத்தன் இருப்பான்ல, அவன.”

ஸ்டுடியோ சிரித்தது.

“அந்த மாதிரி ஆளு என் கணக்குல சைபருக்குக் கீழ கோச்,” என்றான் டெரன்ஸ்.

“உன் கணக்குல நானே சைபருக்குக் கீழதானேடா.”

மறுபடி சிரிப்பு. விளம்பர இடைவேளையில் ஓரெஸ்ட் ஒரு டோனட்டை நிம்மதியாகத் தின்றார். முப்பது வருடமாக அவர் பேசும் பாஷை இது. இடதுபக்கம், வலதுபக்கம், வயது, ஒப்பந்தம். பெயர் கடைசியில்தான் வரும், அதுவும் சட்டையில் தைப்பதற்காக.

ஒன்றரை மணிக்குக் கிரெய்க் காதிலிருந்த கருவியை அழுத்திப் பிடித்தான். முடிந்துவிட்டது. ஆர்லாண்டோ ஒப்புக்கொண்டுவிட்டது. கூடுதலாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறான். நாலாவது வரிசை, இடதுபக்கம், கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது.

‘சொன்னேன்ல’ என்று ஓரெஸ்டுக்கு ஒரு பூரிப்பு வந்தது. அளவு கச்சிதம் என்று நினைத்தார். பிறகுதான் திரையில் பெயரைப் படித்தார்.

அந்தப் பெயருக்கு பக் அச்சடிக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. உதவியாளர் பிரெண்டா ஒரு வெற்று பக்கில் வெள்ளை டேப்பைச் சுற்றி, பேனாவால் ‘பெல்ரோஸ்’ என்று எழுதிக்கொண்டு ஓடி வந்தாள். கிரெய்க் அதை வாங்கித் தட்டில் போட்டான். ஏற்கெனவே தாழ்ந்திருந்த அந்தப் பக்கம், நான்காவது பக் விழுந்ததும் டங்கென்று மேசையில் இடித்தது.

ஓரெஸ்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வலிக்கவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போலிருக்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது.

“கோச், உங்க மருமகன்,” என்றான் கிரெய்க், குரலைப் பதமாகத் தாழ்த்தி. அவன் கண்ணில் பரிசுக் கோப்பை மின்னியது. “லூக் இப்ப லைன்ல இருக்காரு.”

ஆட்டநாளில் மதியம் தூங்குவது ஆட்டக்காரர் வழக்கம். லூக் எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குரலில் தலையணை ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தான். “சாஸ்கட்டூன் ரசிகர்களுக்கு நன்றி. ஆர்லாண்டோ நல்ல டீம். என்னால ஆனதச் செய்வேன்.” கொஞ்சம் நிறுத்தி, “வணக்கம் கோச்,” என்றான்.

“வணக்கம் லூக்.”

“சாயங்காலம் ஃபிளைட்டாம்.”

“மேல கோட்டு எடுத்துக்காத. அங்க வெயில்,” என்றார் ஓரெஸ்ட்.

“என்ன ஒரு தொழில்பக்தி,” என்று கிரெய்க் கேமராவிடம் உருகினான். “பாசத்தைத் தள்ளி வெச்சுட்டு நிபுணரா சொல்லுங்க கோச். இந்த மாற்றத்துக்கு நம்ம அணிக்குப் பத்துக்கு எவ்வளவு?”

பாசம் எங்கே இருக்கிறது என்று தேடினால் அல்லவா தள்ளி வைக்கலாம். வாய் தானாகத் திறந்தது. முப்பது வருடம் ஓடிய இயந்திரம், சாவியைத் திருப்பினால் போதும். சாலோவாரா இன்னும் மூன்று வருடம் கோல் அடிப்பார் என்றது. இளசுகள் வளரலாம், வளராமலும் போகலாம் என்றது. கொடுத்ததில் உறுத்தும்படி எதுவுமில்லை என்றது.

“ஒம்பது,” என்றார்.

டெரன்ஸ்கூடத் தலையாட்டினான். அணியின் இப்போதைய மேலாளரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது: ‘டிவி பாத்துட்டே இருந்தோம் கோச். உங்க ஐடியாதான். ரொம்ப நன்றி.’ கடைசியில் ஒரு கட்டைவிரல்.

இரண்டு மணிக்குக் கதவு சாத்தினார்கள். ஓரெஸ்ட் ஒப்பனை அறையில் உட்கார்ந்து, முகத்துப் பவுடரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது லரிசா கூப்பிட்டாள். அழுவாள் என்று காத்திருந்தார். அழவில்லை. பின்னால் லூக்கின் பெட்டி ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

“பாத்தேன்பா,” என்றாள்.

“முழுசாவா?”

“காலைலேர்ந்து. மண்வெட்டியும் பாத்தேன்.”

“எனக்கு அவன்னு தோணலம்மா. சத்தியமா தோணல.”

“தெரியும். அதுதான் எனக்கு...” அவள் முடிக்கவில்லை. ஜிப் எங்கோ மாட்டிக்கொண்டது, விடுபட்டது. “பிரசவத்துக்கு அவன விடுவாங்களா?”

“அந்த நேரம் அவங்க நாக் அவுட் சுற்றுக்கு முன்னேறியிருந்தா ஆட்டம் இருக்கும். விட மாட்டாங்க.”

“ஆர்லாண்டோ முன்னேறுமா?”

மகள் கேட்கிறாள், நிபுணர் யோசித்தார். “நாலாவது வரிசை அவங்களுக்கு இப்ப பலமாயிடுச்சு,” என்றார்.

ஜிப் கடைசிவரை ஓடி நின்றது. பிறகு லரிசா, “ஒம்பது குடுத்தியே, அந்த ஒண்ண எதுக்குப்பா கொறச்ச?” என்று கேட்டாள்.

கேள்வியில் கோபமில்லை. என்ன பதில் வந்தால் போதும் என்று அவள் காத்திருந்தாள் என்பது ஓரெஸ்டுக்கும் தெரிந்தது. அந்த ஒன்றை எதற்காக வேண்டுமானாலும் குறைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், யார் சரிபார்க்கப் போகிறார்கள். கண்ணாடியில் பாதி பவுடரும் பாதி தோலுமாக ஒரு முகம் அவரைப் பார்த்தது.

“அந்தக் கோலியோட வலது முழங்கால் சரியில்லம்மா,” என்றார்.

“சரிப்பா,” என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதற்காக லூக்கைக் கூப்பிட்டாள்.