எட்டு மணி நேரப் பன்றிக்கறி

எனக்குப் பொறுமை கிடையாது. அதைச் சொல்ல வெட்கமும் கிடையாது. எலக்ட்ரீஷியன் வேலையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும், எரியாவிட்டால் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். நடுவில் உட்கார்ந்து காத்திருக்க ஒன்றுமே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்த ஸ்லோ குக்கர், மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கிற மின்சாரப் பானை, நாலு வருஷமாகப் பெட்டி பிரிக்காமல் பீரோவின் தலையில் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் மைக்கில் ஒரு அதட்டல் போட்டால் டீ குடித்துக்கொண்டிருக்கிற டிரைவர்கூட ஓடிப்போய் வண்டியில் ஏறுவார். ஆறு வாரத்துக்கு முன்னால் அதே நிலையத்தின் படியில் வழுக்கி விழுந்து தாடையை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டாள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கஞ்சி, சூப், ஜூஸ், எல்லாம் உறிஞ்சுகுழாயில்தான். சண்டை மட்டும் நோட்டில் நடந்தது. கோபம் வந்தால் ஒரு அடிக்கோடு, ரொம்ப வந்தால் இரண்டு.

கம்பி அவிழ்க்கிற நாளுக்கு முந்தின நாள் இரண்டு அடிக்கோடு போட்டு எழுதினாள்: "நீங்க வர வேணாம். டாக்டரோட சண்டை போடுவீங்க. அண்ணன் வரட்டும்." அதற்குக் கீழே அடிக்கோடில்லாமல்: "சாயங்காலம் பன்றிக்கறி, நூடுல்ஸ். வாயில போட்டா கரையணும்."

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கறிக்கடைக்காரர். அன்று மாலையே தோள்பட்டைக் கறியை எலும்போடு பெரிய துண்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அழுத்திப் பார்த்தேன். விரல் இறங்கவில்லை.

"இது கறியா, டயரா?"

"மாப்ள, அந்தப் பன்னி காலம் பூரா இந்தத் தோள வச்சுத்தான் நடந்திருக்கு. இறுக்கமாத்தான் இருக்கும். ஆனா இளகுனா இத மாதிரி எதுவும் இளகாது. எட்டு மணி நேரம். நடுவுல மூடியத் தொட்ட, மவனே, கைய வெட்டிருவேன்."

"குக்கர்ல நாலு விசில் விட்டா என்ன?"

"அவளுக்கு நாரு நாரா குடுக்கப் போறியா?"

ஸ்லோ குக்கரைப் பீரோவிலிருந்து இறக்கிப் பெட்டியைப் பிரித்தேன். பல் வரிசை சரியாகச் சேருமா என்று கம்பி எடுத்த பிறகுதான் தெரியும், சேராவிட்டால் தாடையைத் திறந்து தகடு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு ஆபரேஷனை அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தாங்க மாட்டேன் என்பது நன்றாகத் தெரியும்.

காலை ஆறரைக்கு இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாம் போட்டுக் கறியை ஸ்லோ குக்கரில் வைத்து மூடிச் சுவிட்சைப் போட்டேன். எட்டு மணிக்கு அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எட்டரைக்கு நான் வேலைக்குக் கிளம்பினேன். ஒன்பது மணிக்கு ஓர் அலுவலகத்தின் மெயின் சுவிட்சில் கை வைத்தபோது அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டைப் பூட்டுவதற்கு முன் மெயினை அணைப்பது என் வழக்கம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுத்து வைத்திருக்கிறேன். இருபது வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. அன்றைக்கும் மறக்கவில்லை.

ஏணியைக்கூட மடக்காமல் ஓடினேன். என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கதவைத் திறந்து, மெயினைப் போட்டு, பானையைத் தொட்டேன். கை சுட்டது. தடித்த பீங்கான் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருந்தது. மச்சானுக்கு போன் செய்தேன்.

"எவ்வளவு நேரம் அணைஞ்சிருந்துச்சு?"

"நாப்பது நிமிஷம்."

"மூடியத் திறந்தியா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணும் ஆகல. நாப்பது நிமிஷம் கூட வை. இன்னைக்கு வேலைக்குப் போகாத மாப்ள, உன் கைய நம்ப முடியாது."

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பானைக்கு எதிரே உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நேரம் சும்மா பார்த்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான். கண்ணாடி மூடியில் நீர் கோத்தது, வழிந்தது, மறுபடி கோத்தது. பதினொரு மணிவாக்கில் ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. அடுத்த குமிழிக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா?

அந்தப் பானை இழுப்பது இரண்டு குண்டு பல்பு எரிகிற மின்சாரம். கணக்கு எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. அந்த அற்பச் சூட்டில் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்தது. கறியின் ஓரம் பழுப்பேறிச் சுருங்கியது. வாசனை சமையலறையை விட்டுக் கூடத்துக்கு வந்து, என் சட்டைக்குள்ளேயே புகுந்துகொண்டது. மூன்று மணிக்கு, யாரும் தொடாமல், உள்ளே இருந்த எலும்பு மெல்ல விலகிச் சாய்ந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, வீட்டில் யாருமில்லை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவள் வாய் ஒன்றரை விரல் அளவுக்குத்தான் திறந்தது. பல் சேருதா என்று கேட்டேன், தெரியாது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கடிச்சுக் காட்டச் சொன்னாரு டாக்டர்," என்றார் மச்சான். "பயந்துக்கிட்டு இவ கடிக்கவே இல்ல. சாப்பிட வச்சுப் பாருங்க, ஒரு வாரத்துல சேரலன்னா ஆபரேஷன்தான்னுட்டாரு."

சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். கரண்டியை வைத்ததும் கறி தானாகப் பிரிந்தது. தடித்த நூடுல்ஸின் மேல் அதைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். ஒரு சின்னத் துண்டை உள்ளே தள்ளி உதட்டை மூடினாள். கண்ணை மூடினாள். விழுங்கினாள். இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. அவள் முகத்தில் ஆறு வாரமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. நானோ அவள் காதோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை அசையவே இல்லை. எட்டு மணி நேரம் வெந்த கறிக்குப் பல்லே வேண்டியிருக்கவில்லை.

பிறகு நூடுல்ஸை உறிஞ்சினாள். அது நீளம். பாதி உள்ளே போயிற்று, மீதி உதட்டிலிருந்து தொங்கியது. அவள் திகைத்து எங்களைப் பார்த்தாள். மச்சான் எட்டிக் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

நான் காத்திருந்தேன். நான்! காதுக்குக் கீழே அவள் கன்னத்தில் ஒரு தசை புடைத்தது, நடுங்கியது, நின்றது, மறுபடி புடைத்தது. ஒரு மனிதத் தாடை மேலே ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மேலும் கீழும் முன்பற்கள் நேருக்கு நேர் வந்து சேர்ந்தன. நூடுல்ஸ் துண்டாகித் தட்டில் விழுந்தது.

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

அவள் மென்றாள். நிதானமாக, வலியோடு, ஒவ்வொரு கடியாக மென்று விழுங்கினாள். பிறகு ஒன்றரை விரல் வாயைத் திறந்து, எங்கள் தாடைகளைப் பார்த்துக் குழறிக் குழறிச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஏன் வெறும் வாய மெல்றீங்க? தட்டுல எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க."