நிறுத்திய வேனில் நாலு வரி

1

இது கதையாகப் பிறந்ததல்ல. எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் மாத இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தினமும் வேதம் வாசித்து, நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தை எப்படி வளர்ப்பது? ‘எளிய வழிகள்’ என்ற தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கத்தை எழுதி அண்ணியிடம் காட்டினேன். அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறவள்; பிள்ளைகள் அடிக்கிற கூத்தையெல்லாம் முன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, முகத்தில் எதையும் காட்டாமல் ஓட்டுவாள். அதே முகத்தோடு படித்து முடித்தாள்.

“நாத்தனாரே, இதைப் படிச்சா இருக்கிற பழக்கமும் போயிடும்.”

“அப்ப நீங்களே வழி சொல்லுங்க அண்ணி.”

“வழியெல்லாம் தெரியாது. எனக்கு நடந்ததை வேணா சொல்றேன்.”

(எந்த வேதம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை மாறாது.)

2

முதல் தொடக்கம்: *அதிகாலையின் பொன்னொளி திறந்திருந்த வேதத்தின் மேல் விழுந்தபோது அவள் விழிகளில்*

இல்லை. அதிகாலையில் அண்ணியின் விழிகள் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: *ஒரே வருடத்தில் வேதம் முழுவதையும் முடிப்பது என்று அவள் ஒரு*

இது உண்மை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டினாள். ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை அதிகாரம், புரிந்ததற்கு ஒரு நிறம், புரியாததற்கு ஒரு நிறம். சீக்கிரமே பின்தங்கினாள். விட்டதையும் சேர்த்துப் படிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். விழித்ததும் குற்ற உணர்ச்சி வேறு. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் வயிற்றில் அசைவு நின்றது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை. அண்ணிக்கு மயக்கம் தெளிவதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. “எல்லாம் முடிச்சாச்சு,” என்றான் அண்ணன். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் கூப்பிட்டாலும் தட்டாமல் போக ஆரம்பித்தான். அவள் அட்டவணையைக் கிழித்துப் போட்டாள். புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்காமல், தூக்கிப் போடவும் கை வராமல், வேனின் டாஷ்போர்டில் இருக்கும் முன்பெட்டிக்குள் தள்ளி மூடினாள்.

3

இனி வருவதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஒரு பையன் வேனில் வாந்தி எடுத்தான்.

பக்தி இதழில் வாந்தி வரலாமா? மாற்றிப் பார்த்தேன்: *தென்றல் வந்து முன்பெட்டியின் கதவைத் திறந்தது.* அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கதவை இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்குமாம். வாந்தியே இருக்கட்டும்.

துடைக்கத் துணி தேடி இழுத்ததில் புத்தகம் மடியில் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி, இருக்கையைக் கழுவி, காய்வதற்காகக் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு, விளையாட்டு மைதானத்துச் சுவரோரம் வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நடைக்கு நேரம் இருந்தது. கையில் இருந்ததைத் திறந்தாள்.

அங்கே ஆறுதலான வசனம் ஒன்று வரவேண்டும் என்று கதைசொல்லியாக எனக்குக் கொள்ளை ஆசை. அவள் கண்ணில் பட்டதோ ஒரு வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார், அவருக்கு இவர் பிறந்தார் என்று பக்கம் முழுக்கப் பிறப்பு.

அறைந்து மூடினாள்.

மறுநாள் அதே சுவரோரம், அதே பக்கத்தைத் தேடி எடுத்தாள். பக்தியால் அல்ல, கோபத்தால். நாலு வரி படித்தாள். ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன பென்சிலை எடுத்து, பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் எழுதினாள்: *இத்தனை பேருக்குக் குடுத்தியே.*

இதுதான் அவளுடைய நாட்குறிப்பின் முதல் வரி.

4

(எனக்குள் இருக்கும் கட்டுரையாளர் குறுக்கிடுகிறார்: ‘பழக்கத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தோடும் நேரத்தோடும் இணைத்துக்கொள்க.’ சரிதான். உட்காருங்கள்.)

அதன் பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். அட்டவணை கிடையாது. மனதில் ஒரு வரி மாட்டுகிற வரைக்கும் படிப்பாள். மாட்டியதும் நிறுத்திவிடுவாள். சில நாள் முதல் வரியே மாட்டும். சில நாள் எதுவும் மாட்டாது. விடுமுறையில் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். திரும்பி வந்த அன்று, விட்ட இடத்திலிருந்து திறப்பாள்.

எழுதுவதும் அப்படித்தான். *இன்னிக்கு ஒண்ணும் புரியல. வந்தேன்.* இன்னொரு நாள், *உங்கிட்ட பேசறதா இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்.* வேறொரு நாள், *கடைசி சீட்டு வாலு இன்னிக்கு தானா பெல்ட் போட்டுக்கிச்சு. நன்றி.*

“கடவுளை இப்படியா திட்டுவீங்க அண்ணி?” என்று கேட்டேன்.

“முன்னாடி பயந்து பயந்து படிச்சேன். ஒரு வார்த்தை ஒட்டல. இப்ப சண்டை போடறதுக்காகவாவது தினம் போறேன்ல?”

5

அண்ணனை இந்தக் கதையில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருந்தேன். பேசாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்வது? ‘அவன் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தான்’ என்று எழுதி அடித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அவன் என்னிடமும்தான் பேசவில்லை.

அவன் பைக் ரிப்பேராகிக் கிடந்த ஒரு காலையில், வேலை நடக்கிற கட்டடத்துக்கு வேனிலேயே கிளம்பினான். பிள்ளைகளை இறக்கியாயிற்று. அண்ணி வழக்கம்போல் சுவரோரம் நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“கொஞ்சம் படிப்பேன். அப்புறம் உங்களைக் கொண்டுபோய் விடறேன்.”

“நான் வேணா இறங்கி நிக்கட்டுமா?”

“எதுக்கு? உக்காருங்க.”

வாய்விட்டுப் படித்தாள். ஒருவன் இரவெல்லாம் எதையோ சுமந்து நடக்கிற இடம். ஒரு வரியில் நிறுத்தி நோட்டை எடுத்தாள். எழுதப் போனபோது அவன் கேட்டான்.

“நான் ஒண்ணு சொன்னா எழுதுவியா?”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு நான் பிள்ளையைத் தூக்கினேன்னு எழுது.”

பென்சில் நின்றது.

அவன் கண்ணாடிக்கு வெளியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நர்ஸம்மா வந்து கேக்கிற வரைக்கும் வெச்சிருந்தேன். கனமாத்தான் இருந்துச்சு. முடி நிறைய. உன்ன மாதிரியே சுருட்டை.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ பாக்கல. நான் மட்டும் பாத்துட்டேன். அதை எப்படிச் சொல்றது? நீ கேட்டுடுவியோன்னு ஒரு பயம். கேக்கவே மாட்டியோன்னு இன்னொரு பயம்.”

யாருமே தூக்காமல் மகள் போய்விட்டாள் என்றுதான் அண்ணி அதுவரை நினைத்திருந்தாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். ஹார்ன் அலறியது. மைதானத்துக் காவலாளி ஓடிவந்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

6

இனி முடிவு.

அ) *அன்று முதல் இருவரும் தினமும் சேர்ந்து வாசித்தனர்.* பொய். பைக் சரியானதும் அவன் பைக்கில்தான் போனான். எப்போதாவது, காரணம் சொல்லாமல், வேனில் ஏறிக்கொள்வான். அன்றைக்கு அண்ணி இன்னொரு முறை கேட்பாள்: “முடி எவ்வளவு நீளம்?” அவன் விரலில் அளந்து காட்டுவான்.

ஆ) *அவளுடைய கோபம் தணிந்தது.* கேட்டுப் பார்த்தேன்.

“கடவுளோட சமாதானம் ஆயாச்சா அண்ணி?”

“பேச்சுவார்த்தை நடக்குது.”

இ) *அடுத்த வருடமே அவர்கள் வீட்டில்* இதை எழுத எனக்கு உரிமை இல்லை. நீங்களும் மனதுக்குள் எழுதிவிடாதீர்கள்.

இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். சுவரோரம் நிறுத்திய வேனில், பக்கத்து இருக்கையில் நான். அவள் நிதானமாகப் படித்தாள். ஐந்தாம் பகுதியை இரண்டு முறை படித்தாள். தாளை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“போடு. அவர்கிட்டயும் கேட்டுட்டுப் போடு.”

“முடிவு மட்டும் சரியா வரல அண்ணி.”

“வராது. முடிவெல்லாம் போடாதே,” என்று முன்பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தாள். “நாளைக்கும் படிக்கணும்ல?”